இரண்டாவது ஞானத்தாய்

யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம், பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில், ஏசுவடியானும் அவன் மனைவி அற்புதமணியும் தூத்துக்குடிக்குக் குடிவந்தார்கள். கையில் இரண்டு மாதப் பெண் குழந்தை. அவனுக்குக் கடற்கரைப் பக்கத்தில், பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் வேலை. வீடு கிடைத்தது, பால்காரி கிடைத்தாள். கிடைக்காதது கோயில் மட்டும்தான்.

கோயில் என்றால் வேதக்கோயில். ஊரில் அதற்கொன்றும் பஞ்சமில்லை, அற்புதமணிக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை. மாதா கோயில் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கமாட்டாள், புராட்டஸ்டண்டு வீட்டில் பிறந்தவள். மற்றவற்றை ஞாயிறுக்கு ஒன்றாகப் போய்ப் பார்த்தாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னாள்.

உள்ளுக்குள் அவசரம்தான். நகரத்தில் வாந்திபேதி பரவியிருந்தது. இரண்டு கர்ப்பம் கலைந்து, எட்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அந்தச் சட்டம் அற்புதமணிக்கு நன்றாகத் தெரியும். அதை நடத்திக் காட்டியவளே அவள்தான்.

அவர்களுடைய சொந்த ஊர் செம்மண் தேரிக்காட்டில் இருந்தது. ஏசுவடியான் அங்கே சபை மூப்பர். அந்தச் சபையில் பிளாரன்ஸ் என்று ஒரு சின்னப்பெண். புருஷன் பர்மாவுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் போன தேதிக்கும் இவள் வயிற்றுக்கும் பொருந்தவில்லை என்று ஊர் வாய்க்கு அவல் ஆனாள். குழந்தை பிறந்த அன்றே செத்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவளை வாசலில் மறித்தது அற்புதமணிதான், எட்டு மாத வயிற்றோடு.

"பேரில்லாத பிள்ளைக்கு இங்கன இடமில்லளா. தேரியில கொண்டு போடு."

பிளாரன்ஸ் அழவில்லை. தேரியில் கையாலேயே குழி பறித்துப் புதைத்தாள். இருட்டியதும் நாய்கள் மோப்பம் பிடித்து வந்தன. பிள்ளையைத் தோண்டி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு புன்னைக்காயலுக்கு நடந்தாள். கடலில் இறங்கினாள். உடம்பு கரை ஒதுங்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஊரின் முகம் மாறிவிட்டது. அற்புதமணிக்குக் குழந்தை பிறந்தபோது ஞானஸ்நானத்தில் அதை ஏந்தி ஞானத்தாயாக நிற்க ஒருத்தியும் முன்வரவில்லை. சட்டத்தைத்தானே சொன்னேன், நான் என்ன கொலையா செய்தேன் என்று புருஷனிடம் பொருமினாள். அப்படித்தான் தூத்துக்குடிக்கு வர நேர்ந்தது.

முதல் ஞாயிறு, துறைமுகத்தை ஒட்டிய பெரிய கோயில். பெஞ்சியில் இருந்த பெண்கள் அவளுடைய சேலையை ஏற இறங்கப் பார்த்தார்கள். பாட்டு முடிந்த பிறகு, பின் வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் மட்டும் கடைசி அடியைத் தனியாகப் பாடி முடித்தது. தாளம் தெரியாத கூட்டம் என்று அந்தக் கோயிலைத் தள்ளினாள்.

அடுத்தது உப்பளத்துப் பக்கம், ஓலைக்கூரை, தரையில் பாய். உப்பு தின்ற காலோடு ஒருத்தி பக்கத்தில் உட்காரவும் அற்புதமணி மூக்கைச் சுளித்துத் தன் பாயைத் தள்ளிப் போட்டாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடினாள். தள்ளிப்போட்டதால் விழுந்த அந்த இடைவெளியில் யாரோ வந்து உட்காருவது தெரிந்தது. கடற்பாசி அழுகிய வாடை அடித்தது. காதோரம் ஒரு குரல் கேட்டது.

"இந்தக் கோயிலுக்குக் கல்லறைத் தோட்டம் உண்டாக்கா?"

கண்ணைத் திறந்தாள். இடைவெளியில் யாரும் இல்லை.

குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாவதாகப் போன ஜெபவீட்டில் எல்லோரும் கைதட்டி அழுதுகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது. "இங்கன பிள்ளைய சேத்துக்கிடுவாங்களாக்கா?" அற்புதமணி குழந்தையை அணைத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கொதிக்கிற தெருவில் ஓடினாள். அவள் கோயில் தேடியது போலவே இன்னொருத்தியும் தேடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஏசுவடியானிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. ஞானஸ்நானம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னான்.

நான்காவது கோயில் அவளுக்குப் பிடித்துவிட்டது. வெள்ளையடித்த சுவர், அளந்து பேசுகிற குருவானவர், பின்புறம் வேம்பு நிழலில் கல்லறைத் தோட்டம். மூப்பரின் மனைவி கிருபை அவளைப் பக்கத்தில் இருத்தி, குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். ஒரு குறையும் சொல்லாமல் அற்புதமணி வீடு திரும்பியது அன்றுதான். அடுத்த ஞாயிறே ஞானஸ்நானம் என்று ஆனது. எலிசபெத் என்று பேர் வைப்பதாக முடிவு செய்தார்கள். கிருபை தானே ஞானத்தாயாக நிற்பதாகச் சொன்னாள்.

அந்த ஞாயிறு காலை, ஆராதனைக்கு மணி அடிக்குமுன், குழந்தைக்குப் பால் கொடுக்க அற்புதமணி வேம்படிக்குப் போனாள். நல்ல வெயில். பறவைச் சத்தமே இல்லை.

மரத்துக்கு மறுபக்கம் அவள் நின்றாள். முக்காடு போட்டிருந்தாள். கையில் துணிப்பொதி.

"ஒங்க பிள்ளையோட என் பிள்ளையையும் சேத்துக்கிடச் சொல்லுங்கக்கா. ஒரு வார்த்தை போதும்."

ஒரு வார்த்தைதான். சொன்னால் யார் இவள், என்ன கதை என்று கேட்பார்கள். இந்தக் கோயிலும் கைவிட்டுப் போகும். அற்புதமணி பல்லைக் கடித்தாள்.

"நீ செத்தவ. ஒனக்கும் அதுக்கும் எங்கனயும் இடமில்ல. போயிரு."

பிளாரன்ஸ் கோபப்படவில்லை. தலையை ஆட்டினாள். தேரிக்காட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலிலும் அப்படித்தான் ஆட்டினாள்.

ஞானஸ்நானத் தொட்டியருகே குடும்பம் போய் நின்றது. கிருபை குழந்தையை ஏந்திக்கொண்டாள். பெண் பிள்ளைக்கு இரண்டு ஞானத்தாய் வேண்டுமே, இன்னொருவர் எங்கே என்று குருவானவர் கேட்டார். தங்களுக்கு இங்கே வேறு யாரும் இல்லை என்றாள் அற்புதமணி. கிருபை சிரித்தாள்.

"ஏன் இல்லங்கிய? போன வாரமும் ஒங்க கூட ஒரு தங்கச்சி கைப்பிள்ளையோட வந்திருந்தாளே. இந்தா, பொறத்த நிக்கா."

எல்லோரும் அற்புதமணியின் முதுகுக்குப் பின்னால் பார்த்துப் புன்னகை செய்தார்கள்.

எல்லோருக்கும் அவள் தெரிந்தாள்.

கிருபை குழந்தையைப் பின்னால் நீட்டினாள். ஈரமான இரண்டு கைகள் வாங்கிக்கொண்டன. அற்புதமணி கத்த வாய் திறந்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலும் அசையவில்லை. குருவானவர் ஜெபம் தொடங்கினார், சபை தலைகுனிந்தது.

இப்போது பிளாரன்ஸ் கையில் இரண்டு பொதிகள்.

ஒன்றைக் குருவானவரிடம் கொடுத்தாள்.

பிள்ளைக்குப் பேரிடச் சொன்னார். "எலிசபெத்து" என்றது பின்னாலிருந்த குரல், ஆசையாக.

மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். எந்தக் குழந்தையும் அப்போது வீறிடும். இது அழவில்லை. குருவானவர் அதைத் தாயின் கையில் வைத்தார்.

சில்லென்று இருந்தது.

அற்புதமணி துணியை விலக்கினாள். தொப்புள் கொடி இன்னும் காயவில்லை. மூடிய விரல்களுக்குள் தேரியின் சிவப்பு மண் இருந்தது.

அவளுடைய குழந்தை வெளியே அழுதது. வாசலில், பிறகு தெருவில், பிறகு கடற்கரைப் பக்கமாக. நாக்கு அப்போதுதான் விடுபட்டது. அலறிக்கொண்டு ஓடப் பார்த்தவளைப் பெண்கள் இழுத்துப் பிடித்தார்கள். கையிலேயே பிள்ளை செத்துவிட்டது, பெற்றவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். இது என் பிள்ளை இல்லை, தொப்புளைப் பாருங்கள் என்று அவள் புருஷனிடம் நீட்டினாள். ஏசுவடியான் பார்த்தான். இது தங்கள் பிள்ளை இல்லை என்று சொன்னால் யாருடைய பிள்ளை என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

துணியை மூடினான். "நம்ம பிள்ளதாம்ளா" என்றான்.

சாயங்காலம் துக்கமணி அடித்து, பாட்டுப் பாடி, வேம்பு நிழலில் நல்ல இடமாகப் பார்த்து அடக்கம் செய்தார்கள். அற்புதமணியைத் தூணில் கட்டிப்போட வேண்டியிருந்தது.

அவள் இப்போதும் கோயில் கோயிலாகப் போகிறாள். ஓலைக்கூரை, ஜெபவீடு, மாதா கோயில் என்று எதையும் விடுவதில்லை, எதையும் குறை சொல்வதுமில்லை. சுதந்திரம் வந்த மறுவருஷம், முத்தையாபுரத்துப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில், பட்டப்பகலில், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண் இருந்தாள். பக்கத்தில் நான்கு வயதுச் சிறுமி. ஏசுவடியான் வீட்டுக்கே உரிய அகலமான நெற்றி. அற்புதமணிக்கு மார்பு கனத்தது. எலிசபெத்து என்று மெல்லக் கூப்பிட்டாள்.

சிறுமி திரும்பிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. பக்கத்திலிருந்தவளின் சேலைக்குள் ஒண்டிக்கொண்டாள்.

"எம்மா, இந்தக் கோயிலும் நமக்கு வேண்டாம். அந்தப் பைத்தியம் இங்கனயும் வந்துட்டு."