பூனை கண்டுபிடித்த மூலை

பூமாரியின் அப்பா அந்த வேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தட்டில் சோறு ஆறிவிடும். ஆறினாலும் பேச்சை நிறுத்தமாட்டார்.

அப்பாவின் பெயர் பால்பாண்டி. திருவனந்தபுரத்தில் யார் யாருடைய கார்களையோ பத்து வருஷம் ஓட்டியவர். போன மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு, ஷிபு என்பவரிடம் ஒரு பழைய வேனை ஒரு வருஷக் குத்தகைக்கு எடுத்தார். பொன்முடிக்கும் கன்னியாகுமரிக்கும் ஆட்களைச் சுற்றுலா கூட்டிப் போவதுதான் திட்டம்.

அந்த வேனுக்கு முன்பு வேறு வேலை. தினமும் விடியற்காலையில் மீன்காரம்மாக்கள் கூடைகளோடு அதில் ஏறிக் கடற்கரையிலிருந்து சந்தைக்குப் போவார்கள்.

"அது ஒண்ணும் பிரச்சினை இல்ல அண்ணாச்சி, கழுவினா மதி" என்றார் ஷிபு. மதி என்றால் மலையாளத்தில் போதும்.

அப்பா கழுவினார். கழுவி முடித்த கையோடு பழைய பெஞ்சுகளைக் கழற்றினார். சாய்ந்து உட்காரும் பன்னிரண்டு சீட்டுகள் வந்தன. ஜன்னல்களுக்குத் திரை வந்தது. கூரையில் நீல விளக்கு எரிந்தது. தரைக்குக் கறுப்பு ரப்பர் மேட். அதை மட்டும் வேறு யாரையும் தொடவிடாமல் அப்பாவே பசை போட்டு ஒட்டினார்.

"இனி பத்து வருஷத்துக்கு இத ஒருத்தனாலயும் பிரிக்க முடியாது" என்று பெருமையாகச் சொன்னார்.

முதல் சவாரியும் கிடைத்துவிட்டது. கரமனை அக்ரஹாரத்து நாகேஸ்வரன் சார், குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குப் போக வேண்டும் என்றார். மொத்தம் பதினொரு பேர். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை நேரில் பார்த்த பிறகுதான் உறுதி சொல்வாராம். அவருக்குப் பிடித்துவிட்டால் அந்தத் தெருவே அப்பாவின் வேனில் ஏறும். பிடிக்காவிட்டால் அதுவும் தெருவுக்கே தெரிந்துவிடும்!

வெள்ளிக்கிழமை முழுவதும் ஆரியசாலையில், வீட்டுச் சந்தின் முனையில், வேன் வெயிலில் நின்றது. பள்ளியிலிருந்து வந்த பூமாரி ஆசையாகக் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடினாள்.

"அப்பா, உள்ள யாரோ மீன் கொழம்பு வைக்காங்க!"

அப்பா ஓடி வந்து மோந்து பார்த்தார். அவர் முகம் சுண்டிப் போயிற்று.

முதலில் சென்ட் அடித்தார். பிறகு சாம்பிராணி போட்டார். கடைசியில் நாலு முழம் மல்லிகைப் பூவை வாங்கி வந்து உள்ளே தொங்கவிட்டார். இருட்டுவதற்குள் வேனுக்குள் மீனுக்குக் கல்யாணம் நடப்பது போல ஆகிவிட்டது.

ஓட்டல் சமையல்கட்டில் வேலை முடிந்து வந்த அம்மா பொன்செல்வி, எட்டிப் பார்த்து ஐந்து முறை தும்மினார்.

அப்பா ஷிபுவுக்கு போன் போட்டார்.

"ரெண்டு நாள் டோரைத் தொறந்து இட்டா மதி அண்ணாச்சி. மணம் தானே போய்க்கொள்ளும்" என்றார் ஷிபு.

"நாளைக்குச் சாயங்காலம் ஆளு வருது. ரெண்டு நாளைக்கு எங்க போக?" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்படி அவர் உட்கார்ந்து பூமாரி பார்த்ததே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலையில் அப்பா வேனின் கதவுகளைத் திறந்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு விருந்தாளி ஏறியது. ஒரு காது பாதியாக இருக்கும் செம்பட்டைப் பூனை. சந்தில் எல்லார் வீட்டு அடுப்படியும் அதற்குத் தெரியும்.

"போ, அந்தால!" என்று அப்பா விரட்டினார். பூனை இறங்கியது. அப்பா திரும்பியதும் ஏறியது. மறுபடி விரட்டினார். மறுபடி ஏறியது.

பூமாரி அதையே கவனித்துக்கொண்டிருந்தாள். மெத்தென்ற பன்னிரண்டு சீட்டில் ஒன்றைக்கூட அந்தப் பூனை மதிக்கவில்லை. மூன்று முறையும் நேராகப் பின்னால் போய், வலது பக்கக் கடைசி சீட்டுக்கு அடியில் மேட்டைப் பிறாண்டியது.

பூமாரி ஏறிப் போய்ப் பூனைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து மோந்து பார்த்தாள். குமட்டியது. முன்பக்கம் வந்து தரையை மோந்து பார்த்தாள். ரப்பர் வாசனைதான் வந்தது.

"அப்பா, வண்டி முழுக்க நாறல. அந்த ஒரு மூலைதான் நாறுது."

"அதுக்கு?"

"மேட்டைப் பிரிச்சுப் பாக்கணும்."

அப்பா மேட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "என் கையால ஒட்டினது மக்ளே!"

"அப்போ உங்க கையாலயே பிரிச்சிருங்கப்பா."

அப்பா பெருமூச்சு விட்டபடி கடைசி சீட்டைக் கழற்றி, மேட்டின் ஓரத்தை நெம்பினார். பத்து வருஷத்துக்குப் பிரியாத மேட் பாதி வரை பிரிந்து வந்தது. அடியில் இருந்த பிளைவுட் கறுத்து ஊறிப்போயிருந்தது. கழுவிய தண்ணீரெல்லாம் பழைய மீன் தண்ணீரோடு அந்த மூலையில் தங்கியிருந்தது. அது காய்வதற்குள் அப்பா மேலே மேட்டை ஒட்டிவிட்டார்!

"நாத்தத்த நானேதான் பத்திரமா மூடி வச்சிருக்கேன்" என்றார் அப்பா. பூமாரிக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் வந்துவிட்டது.

ஊறிய பலகையைப் பெயர்த்து எடுத்தார்கள். அடியில் இருந்த தகரத்தை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினார்கள். நாற்றம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

பூமாரி யோசித்தாள். மீன் சட்டியை அம்மா சோப்பு போட்டா கழுவுகிறார்? ஓட்டலுக்கு ஓடினாள்.

"அம்மா, மீன் சட்டிய எதை வச்சுத் தேய்ப்பீங்க?"

"புளிச்சக்கை. எதுக்குட்டி?"

"இங்க தெனமும் எவ்வளவு புளிச்சக்கை தூரப் போடுவாங்க?"

"ஒரு வாளி" என்ற அம்மாவுக்கு, சொல்லி முடிப்பதற்குள் விஷயம் புரிந்துவிட்டது.

வாளி வந்தது. அம்மாவும் பூமாரியும் தேங்காய் நாரும் புளிச்சக்கையுமாக உட்கார்ந்து தகரத்தைத் தேய்த்தார்கள். அப்பா சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப் பலகை வாங்கி வந்தார். தகரத்தை நன்றாக அலசி, வெயிலில் காயவிட்டார்கள். இந்த முறை அப்பா மூன்று தடவை தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பலகையைப் பொருத்தி, மேட்டை ஒட்டி, சீட்டை மாட்டினார்.

பரிசோதனைக்குப் பூனையைக் கூப்பிட்டாள் பூமாரி. அது நேராக அந்த மூலைக்குப் போனது. மோந்தது. ஏமாற்றிவிட்டாயே என்பது போல அவளைப் பார்த்துவிட்டுக் குதித்து இறங்கிப் போயிற்று.

"பாஸ்!" என்று பூமாரி கைதட்டினாள்.

சாயங்காலம் நாகேஸ்வரன் சார் வந்தார். அவர் தூரத்தில் வரும்போதே அப்பா குனிந்து, "இது மீன் வண்டின்னு மட்டும் வாயத் தொறந்துராத மக்ளே. அவங்க முட்டைகூடத் தொடமாட்டாங்க" என்று அவள் காதில் சொன்னார்.

நாகேஸ்வரன் சார் ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து பார்த்தார். திரையை இழுத்துப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"ஏதோ வாசனை வரதே?"

"புளி, மாமா" என்றாள் பூமாரி.

"புளியா? வேன்ல எதுக்குக் குழந்தே புளி?"

பூமாரி அப்பாவைப் பார்த்தாள். அப்பா நீல விளக்கைப் பார்த்தார். நேற்றுச் சென்ட்டும் சாம்பிராணியும் போட்டு மூடியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. மறுபடியும் மூடவா?

மூடவில்லை. மீன்காரம்மாக்களின் கூடை, மேட், பூனை, புளிச்சக்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது.

நாகேஸ்வரன் சார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். மெல்ல மண்டி போட்டு, அந்த மூலையில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் மோந்து பார்த்தார்.

"எங்காத்து அடுக்களைகூட இவ்வளவு சுத்தமில்லையாக்கும்" என்றார் எழுந்துகொண்டே. "இதை என் ஆத்துக்காரிகிட்ட சொல்லிடாதே, கேட்டயா?"

அப்பாவுக்கு மூச்சு வந்தது.

"காலம்பற ஆறு மணிக்கு வந்துடுங்கோ பாண்டி. நாங்க பதினொரு பேர்தானே, ஒரு சீட் மிச்சமிருக்கு. இந்தக் குழந்தையையும் ஏத்திக்கோங்கோ. பூனை மட்டும் வேண்டாம்!"

ஞாயிற்றுக்கிழமை பூமாரி உட்கார்ந்தது வலது பக்கக் கடைசி சீட்டில்தான். வழியில் கல்லாறு என்ற இடத்தில் இறங்கி, ஆற்றங்கரையில் எல்லாரும் காலைப் பலகாரம் சாப்பிட்டார்கள்.

"வண்டியில ஏறினதுலேந்து புளி வாசனை, பசி தாங்கலை" என்று நாகேஸ்வரன் சார் மூன்று தடவை புளியோதரை வாங்கிக்கொண்டார். பொன்முடியின் இருபத்திரண்டு வளைவுகளில் குழந்தைகளுக்குக்கூடக் குமட்டவில்லை. இறங்கும்போது அடுத்த மாதக் கன்னியாகுமரிப் பயணத்துக்கும் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அம்மா நிஜமாகவே மீன் குழம்பு வைத்திருந்தார். பூமாரி பெரிய மீன் தலையாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினாள். செம்பட்டைப் பூனை வேனுக்கு அடியிலேயே காத்திருந்தது.

"இரு, இரு, உனக்குத்தான்" என்றாள் அவள். முதலில் வேனின் கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, அப்புறம்தான் கொடுத்தாள்.