அவுரித் தாழி

அன்று தாழி நாறவில்லை. நீலச் சாயத்துக்காக அவுரி இலை ஊறி அழுகும் நாற்றம் பனைக்காட்டைத் தாண்டிக் கடற்கரை வரை போகும். அதனால்தான் சாயக் குடிசையை ஊருக்கு வெளியே போட்டிருந்தார்கள். ஆனால் உள்ளே நுழைந்த கோனிக்குச் சுண்ணாம்பின் காரத்துக்கும் ஈரமண் வாடைக்கும் அடியிலிருந்து, இளஞ்சூடாக, பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் உச்சந்தலை வாசனை வந்தது.

நூல்கட்டைத் தாழியோரம் வைத்தாள்.

"வயித்துல புள்ள இருக்கறவ யாரும் உள்ள இல்லையே?"

மூடியைத் திறக்கும் முன் தாரி சித்தி எப்போதும் கேட்பதுதான். தாழியும் ஒரு வயிறு. இரண்டு வயிறுகள் எதிரெதிரே நின்றால் ஒன்று மற்றதைக் கரைத்துவிடும் என்பது சும்பாத் தீவில் சிறுமிகளுக்கும் தெரியும்.

"எனக்கு அம்பத்தெட்டு வயசு. இருந்தா எருமை வெட்டி ஊருக்கே சோறு போடுவேன்," என்றாள் உதவிக்கு வந்திருந்த லேதா.

"உன்னைக் கேக்கலடி. கோனி?"

"இல்ல சித்தி."

நான்கு மாதம். முன்பு இரண்டு முறை கலைந்துபோனதால் இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குடிசைக்குள் விடமாட்டார்கள். வீட்டில் இறந்துபோன அம்மா, அடக்கத்துக்காகத் துணி சுற்றி உட்கார வைக்கப்பட்டு மூன்று மாதமாகிறது. மகள் கையால் சாயமேறிய துணி போர்த்தாமல் போனால் அந்தப் பக்கத்து முன்னோர்கள் அவளை யாரென்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இன்னும் ஒரே ஒரு நூல்கட்டு. ஒரே ஒரு முறை முக்க வேண்டும்.

நூலை முழங்கை வரை அமிழ்த்தி எடுத்தாள். பச்சையாக வெளியே வந்து காற்றுப் பட்டதும் நீலமாக மாறவேண்டிய நூல், வெள்ளையாகவே இருந்தது.

"தாழி செத்துப்போச்சா?" லேதா எட்டிப் பார்த்தாள்.

"வாயைக் கழுவு. சுண்ணாம்பு பத்தல. வா, எடுத்துட்டு வரலாம். கோனி, நூலை உள்ளயே விட்டுப் பிடிச்சுக்கோ."

அவர்கள் போனார்கள். மாலை வெயில் ஓலை இடுக்குகளின் வழியே கோடுகோடாக விழுந்து, தாழியின் நுரைமேல் நகர்ந்து, ஒவ்வொன்றாக அணைந்தது. போன வாரத்திலிருந்து அவள் அடிவயிற்றில் சின்ன மீன் ஒன்று வாலாட்டிக்கொண்டிருந்தது. இப்போதும் ஆட்டியது. ஒரு முறை. பிறகு நின்றது.

கையில் இருந்த நூல் அசைந்தது.

மீன் வாலாட்டியதுபோல.

அவள் மெல்ல இழுத்தாள். உள்ளிருந்து யாரோ அதைவிட மெல்ல இழுத்தார்கள். நூலில் நீலம் ஏறத் தொடங்கியது. தாழியிலிருந்து அவள் விரல்களை நோக்கி. இதுவரை எந்தத் தாழியும் தந்திராத நீலம். நூல் சூடாக இருந்தது. துடித்தது. அவளுடைய இதயத்தைவிட வேகமாக.

"அடேயப்பா, இந்த நிறத்தைப் பாரு," என்றபடி சித்தி உள்ளே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்க அக்கா குடுத்து வெச்சவ. எடு, எடு."

"வர மாட்டேங்குது சித்தி."

லேதா நூலைப் பற்றி இழுத்தாள். "உள்ள எருமையைக் கட்டி வெச்சிருக்கியா?"

"அடியில சிக்கியிருக்கும். மேல வந்தவரைக்கும் போதும்." சித்தி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"அறுக்காதீங்க."

"ஏன்?"

வீட்டில் காத்திருக்கும் அம்மா. கையில் துடிக்கும் நூல்.

"எனக்கு நாலு மாசம் சித்தி."

அதற்குள் கத்தி நூலைக் கடந்திருந்தது.

அறுபட்ட நுனி வழுக்கித் தாழிக்குள் போனது. கோனி இரு கைகளையும் வயிற்றில் வைத்தாள். காத்திருந்தாள். ஒன்றுமில்லை.

நுரை ஓரிடத்தில் எழும்பியது. ஒரு குதிகால் அளவு. அமிழ்ந்தது.

பிறகு தாழி உதைத்தது. உள்ளிருந்து. பலமாக.