ஐம்பத்தெட்டாவது நிமிடம்

சனிக்கிழமை காலை 10.40. சாப்பாட்டு மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. வேலையிலிருந்து விலகுவதாகக் கணவர் எழுதியது. காரணம் ஒரே வரி: ‘என் காது முன்போல் இல்லை.’

படங்களுக்கு ஒலி கலக்கும் கூடத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்த மனிதர்.

“எப்ப குடுக்கப் போறீங்க?” என்றாள் மனைவி.

“இன்னிக்கு அஞ்சு மணிக்கு.”

“டாக்டர்தான் காது நல்லா இருக்குன்னாரே.”

“அவர் மெஷின் நொடிக்கு எட்டாயிரம் அதிர்வோட நின்னுடும். என் பொழப்பு அதுக்கும் மேல.”

அவருக்கு ஓர் அளவுகோல் உண்டு. தானே ஒலி கலந்த ஒரு பழைய படம். அதில் தகரக் கூரைமேல் மழை பெய்யும். மாதம் ஒருமுறை மைத்துனனின் டிவிடி வாடகைக் கடையிலிருந்து அந்த டிஸ்க்கை எடுத்துவந்து, கண்ணை மூடிக் கேட்பார். போன வருடம் துளிகள் ஊசியாக விழுந்தன. பிறகு மணல். இப்போது யாரோ துணியைத் தேய்ப்பதுபோல் இருந்தது. அந்தக் கடையின் எந்தப் படத்தைப் போட்டாலும் இதே கதை. காதுதான் மழுங்கிவிட்டது என்று நம்பி, கூடத்தில் ஒலியின் கூர்மையை ஏற்றி வைத்தார். காதைக் குத்துகிறது என்று இரண்டு படங்கள் திரும்பி வந்தன.

“டிஸ்க் தேஞ்சிருக்கும்ங்க.”

“தேஞ்சா படம் உடையும், அங்கங்க நிக்கும். மழை மட்டும் மழுங்காது. உன் தம்பிகிட்டயே கேட்டேன். ‘அதே டிஸ்க்தான் மாமா, உங்களுக்கு வயசாகுதில்ல’ன்னு சிரிச்சான்.”

அவர் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அவளுக்கு இசைக்காது கிடையாது. துணி ஆலையில் தரம் பார்க்கிறவள். கண்முன் ஓடுகிற துணியில் ஓர் இழை தவறினால் கை தானாக நின்றுவிடும். 11.15க்கு, அவர் இந்த மாதம் எடுத்துவந்திருந்த டிஸ்க்கைப் போட்டாள். 12.13க்கு, ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில், பாலத்தில் நிற்கும் பெண் குடையை மடக்கினாள். முன்பு சேர்ந்து பார்க்கும்போதெல்லாம் அங்கே படம் அரை நொடி திக்கும். அடுப்பைத் தணிக்க அவள் எழுந்திருப்பது அந்தத் திக்கலில்தான். இன்று குடை மடங்கியது, பெண் நடந்தாள், படம் வழுக்கிக்கொண்டு போனது.

அதே டிவி, அதே பிளேயர்.

“ஏங்க, முன்னெல்லாம் நடுவுல ஒரு தடவ திக்குமே, எதனால?”

“டிஸ்க்குல ரெண்டு அடுக்கு,” என்றார் சுவரைப் பார்த்தபடியே. “முதல் அடுக்கு முடிஞ்சதும் லேசர் அடுத்ததைத் தேடிப் பிடிக்கணும். அந்த அரை நொடி. தூங்க விடு.”

பிற்பகல் 2.50. கடையில் தம்பி மட்டும் இருந்தான்.

“இது எப்ப வாங்கின டிஸ்க்?”

“அஞ்சு வருஷமாச்சுக்கா.”

“நடுவுல மாத்தினியா?”

“எதுக்கு மாத்தறேன்? அதேதான்.”

“நல்லா யோசிச்சு சொல்லு.”

“என்னக்கா, போலீஸ் மாதிரி?”

“அப்ப ஐம்பத்தெட்டாவது நிமிஷத் திக்கல் எங்க போச்சு?”

“திக்கல் போனா நல்லதுதானே,” என்று சிரிக்கப் பார்த்தான். அவள் டிஸ்க்கைக் கவிழ்த்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். அடிப்பக்கம் ஊதா ஓடியது.

“கம்பெனியில அச்சடிச்சது இப்படி ஊதாவா இருக்காது. இது நீ கம்ப்யூட்டர்ல எரிச்ச நகல். ஒரே அடுக்கு, அதான் திக்கல. ரெண்டு அடுக்குல இருந்ததை ஒண்ணுல அடைக்கணும்னா எதையாவது சுரண்டணும். படத்தைச் சுரண்டினா எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க. சத்தத்தைச் சுரண்டினே. அதுவும் கீறினதும், நகல்லேருந்து இன்னொரு நகல். ஒவ்வொரு தடவையும் மறுபடி சுருக்கறதுல இன்னும் கொஞ்சம் போச்சு.”

அவன் கீழ் இழுப்பறையைத் திறந்தான். அசல்கள் வரிசையாக இருந்தன, ஒரு கீறல்கூட இல்லாமல்.

“வாங்கிட்டுப் போறவன் தட்டு மாதிரி கீறிக் கொண்டாரான். அசலை வெளிய எடுக்கவே பயம், நான் என்ன பண்றது? நூறு பேர்ல ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாதுக்கா.”

“ஒருத்தருக்குத் தெரிஞ்சுது. உன்கிட்டயே வந்து கேட்டார்.”

“ஒத்துக்கிட்டா கடை என்னாகும்? மாமா வேலைய விடுவார்னு நான் கண்டேனா?”

“வயசாச்சுன்னு சொல்ல மட்டும் தெரிஞ்சுது.”

அசலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது 4.20. ஐந்துக்கு முன்னால் வந்துவிட்டோம் என்று மூச்சு விட்டாள். கணவர் வெளியே போய்வந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கடிதம் இல்லை.

“மூணு மணிக்கே குடுத்துட்டேன். எதுக்கு இழுக்கணும்? கூடத்துல புதுசா சேர்ந்திருந்தவர் அதுக்குள்ள என் நாற்காலிய தனக்கு ஏத்தபடி உயர்த்திக்கிட்டார்.”

அவள் டிஸ்க்கைப் போட்டு, குடைக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டிவிட்டாள். குடை மடங்கியது. படம் அரை நொடி திக்கியது. அவர் நிமிர்ந்தார்.

பிறகு மழை வந்தது. தகரத்தின்மேல் ஒவ்வொரு துளியும் தனித்தனி ஊசியாக.

வெகுநேரம் கேட்டார்.

“அவனுக்கு எப்பலேருந்து தெரியும்?”

“நீங்க போய்க் கேட்டப்பவே தெரியும்.”

தலையை மெல்ல ஆட்டினார்.

“நல்லாத்தான் கேக்குது,” என்றார். “நிறுத்திடு.”