பெயர் சொல்லாமல் கூப்பிட்டது

ரப்பர் படகில் இருந்த எல்லோர் வாயிலிருந்தும் மூச்சு வெள்ளை வெள்ளையாகப் புறப்பட்டு மூடுபனியோடு கலந்துகொண்டிருந்தது. சந்திரவதனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய கணவனின் வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

அவள் கண்டும் காணாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று முழுக்க அவனைப் பார்ப்பதுமில்லை, அவனோடு பேசுவதுமில்லை என்று காலையிலேயே முடிவு கட்டியிருந்தாள். மெல்பேர்னில் கப்பலேறி, தெற்கே தெற்கே என்று குளிருக்குள் வந்து, நேற்றுத்தான் இந்தத் தீவின் முன்னால் நங்கூரம் போட்டிருந்தார்கள். எழுபத்தாறாம் ஆண்டில் அவர்களுக்குத் தெரிந்த தமிழ்ச்சனத்தில் யாரும் காசு கொடுத்துக் கடல்நாய் பார்க்கப் போனதில்லை. டொக்டர் கணேசலிங்கத்துக்கு அப்படி ஓர் ஆசை. அவளுக்கும் ஆசை உண்டா என்று அவன் கேட்கவில்லை. கேட்பது அவன் வழக்கமுமில்லை.

கப்பலின் காலைச் சாப்பாட்டு மேசையில், பாணுக்கு பட்டர் பூசியபடி, மறந்துபோனதொன்று இப்போதுதான் நினைவுக்கு வந்தது மாதிரிச் சொன்னான்:

"வீட்டால வெளிக்கிட முதல் லைப்ரரியில இருந்து போன் வந்தது. உமக்கு வேலை தாறம் எண்டினம். அவவுக்கு விருப்பமில்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"மெல்பேர்ன் குளிருக்குள்ள பஸ் ஏறி இறங்க உமக்கு ஏலுமே? உமக்காகத்தானே சொன்னனான்."

அந்த வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தனியாகப் போய், இங்கிலீசில் தானே பதில் சொல்லிவிட்டு வந்தவள் அவள். கத்தியைத் தட்டில் வைத்தாள். வைத்த சத்தத்தில் பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"கோவமோ?" என்று அவன் சிரித்தான். "கோவம் வந்தா உம்மட மூக்கு பென்குயின்ர சொண்டு மாதிரி."

கரையில் இறங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு அவள் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கடல்நாய்கள் சேற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து, தின்றது செரிக்காதவை மாதிரி ஏவறை விட்டன; அழுகிய மீனும் ஈரமயிரும் கலந்த வாடை தொண்டைவரைக்கும் இறங்கியது. அவன் சிவப்பு அங்கியும் கழுத்தில் கமராவுமாக ஒரு கரும்பாறைக்குப் பின்னால் போனான். போன கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கி, பாறையையும் கரையையும் துடைத்துவிட்டது. படகோட்டி பிரையன் எல்லோரையும் அவசரமாக ஏற்றி, உன் ஆளைக் கூப்பிடு என்று அவளுக்குக் கை காட்டினான்.

அவள் கணவனின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். பாறை இருந்த திக்கைப் பார்த்து, கோபம் முழுவதையும் திரட்டிக் கத்தினாள்.

"இஞ்சாருங்கோ! வாங்கோ எண்டிறன்!"

மூடுபனிக்குள்ளிருந்து நடந்து வந்தான். ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பிரையனுக்கு அவர்களின் பெயர் வாயில் நுழையாது. "மிஸ்டர் அன்ட் மிஸஸ் லிங்கம்?" என்று கூப்பிட்டு, பென்குயின் ஒன்றையும் பைக்குள் ஒளித்துக்கொண்டு வரவில்லையே என்று பகிடி விட்டான்.

"போத் ஹியர்," என்று பக்கத்திலிருந்து பதில் வந்தது. எப்போதும்போல, இருவருக்குமாக.

படகு கரையை விட்டு விலகியது. சற்றுத் தூரத்தில் ஒரு சிறுத்தைக் கடல்நாய் தண்ணீருக்குள்ளிருந்து வழுவழுத்த தலையைத் தூக்கியது. எல்லோரும் ஆசைதீரப் பார்க்கட்டும் என்று பிரையன் எஞ்சினை நிறுத்தினான். அலை ரப்பரைத் தட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. கமராக்கள் கிளிக் கிளிக்கென்றன. அவள் பக்கத்தில் கிளிக் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் கழுத்தில் கமரா இல்லை. கரை எப்போதோ பின்னால் போய்விட்டது. அந்த அழுகல் வாடை மட்டும் போகவில்லை. பக்கத்திலிருந்துதான் வந்தது.

அப்போது கரையிலிருந்து ஒரு குரல்.

"வதனா! இஞ்சாரும்! என்னை விட்டிட்டே போறீர்?"

மூடுபனி ஓரிடத்தில் கிழிந்தது. கரும்பாறையின் மேல், சிவப்பு அங்கியோடு, கழுத்தில் கமரா தொங்க, ஒருவன் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு.

படகில் ஒருவரும் திரும்பவில்லை. எல்லோர் கண்ணும் மறுபக்கத்துக் கடல்நாயில். தமிழ்க் குரல் அவர்களுக்கு இன்னொரு பறவைச் சத்தம்.

நிக்கட்டும் என்று நினைத்தாள். ஒரு கணம். நின்று விறைக்கட்டும்.

அந்தக் கணம் போனது. எழுந்தாள். படகு ஆடியது.

"பிரையன்! மை ஹஸ்பண்ட்..."

பிரையன் திரும்பி அவள் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான்.

"ஷீ இஸ் டயர்ட்," என்றது அது. அதே மரியாதை. அதே மெல்லிய சிரிப்பு.

பிரையன் புரிந்தவன்போலத் தலையாட்டினான். எஞ்சின் கயிற்றில் கை வைத்தான்.

அவள் தோளில் ஒரு கை விழுந்தது. ஈரம். கனம். அவளை உட்கார வைத்தது.

பெயர். பெயரைச் சொல்ல வேண்டும். பாறையைப் பார்த்து வாயைத் திறந்தாள். கணேசலிங்கம். உதடு அசைந்தது. தொண்டை அசைந்தது. சத்தம் இல்லை. மறுபடியும். இல்லை.

பக்கத்தில் மற்ற வாய் திறந்தது.

"ஓம், இஞ்சதான் நிக்கிறன்!" அவளுடைய குரல். கோபம் துளியும் இல்லாமல், அவன் எப்போதும் விரும்பிய மாதிரி இனிப்பாக. "நீங்கள் அதிலேயே இருங்கோ. வாறன்."

எஞ்சின் உறுமியது. படகு கப்பல் பக்கம் திரும்பியது.

பாறையில் ஆட்டிக்கொண்டிருந்த கைகள் இறங்கின. குளிருக்கு அங்கியை இழுத்து மூடிக்கொண்டு, பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டு, அவன் உட்கார்ந்தான்.