சைஃப் என்னும் பாதை

வலது தோள் விடியற்காலையிலிருந்தே வலித்தது. பட்டினப்பாக்கத்தில் அம்மாவின் மீன் கூடையைத் தூக்கி இறக்கிவிட்டு, குளித்துவிட்டு வந்தும் அஸ்வினியின் கையில் கவுச்சி போகவில்லை. மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடிதான் அவள் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் அலுவலகம். மழையில் ஊறிய மரப்படி மிதிக்க மிதிக்க முனகியது.

"சைஃப் பேர்ல ஒரு பாதை கீது பாரு, அத்த எடுத்துடும்மா," என்றார் முதலாளி சர்தார். குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கறாங்க, இது யாருன்னு. நான் இன்னான்னு சொல்றது?"

ஜும்மா தொழுகைக்கு அவர் கிளம்பினார். மாடியில் அவள் மட்டும்.

ஆஸ்பத்திரிக்காக ஓடும் அந்த ஜாவா சர்வரில் ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் எந்தப் பெயரில் ஃபைலைப் போடுகிறோமோ, அந்தப் பெயரே இணைய முகவரியின் வால் ஆகிவிடும். எந்தப் புது சர்வரை எழுப்பினாலும், அவளோடு வேலை பார்த்த சைஃப் முதலில் தன் பெயரில் ஒரு ஃபைலைப் போடுவான். திறந்தால் ஒரே வரி: 'சாப்டியா?' அது வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது. சோதித்து முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். அவன் எடுக்க மாட்டான்.

"கெடக்கட்டும் மச்சி. யாராவது ஒர்த்தர் கேட்டுக்கினே இருக்கணும்ல?"

போன மாதம் நந்தனம் சிக்னலில், கொட்டுகிற மழையில், ஒரு தண்ணி லாரி அவனை பைக்கோடு இழுத்துக்கொண்டு போனது.

"உங்க வூட்டு மீன் கொழம்பு எப்போ?" என்று இரண்டு வருடமாகக் கேட்டான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றாள். நல்ல மீன் விற்பனைக்கு. வீட்டுச் சட்டிக்கு வருவது விலைபோகாத பொடி மீன். அதைக் கொண்டுவர அவளுக்கு வெட்கம்.

"பொடியே கொண்டா, இன்னா இப்போ?" என்று சிரிப்பான்.

சர்வரை நிறுத்தினாள். ஃபைலை அழித்தாள். அதை சர்வர் தானாகப் பிரித்து வைத்திருந்த ஃபோல்டரையும் அழித்தாள். அவனைத் திரும்ப ஒரு தடவை புதைப்பது போலிருந்தது. சர்வரை மறுபடி ஓடவிட்டு முகவரியைத் தட்டினாள்.

சாப்டியா?

பிரவுசர் பழைய பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். போனில் திறந்தாள்.

சாப்டியா?

ஃபோல்டரில் அந்தப் பெயரே இல்லை. வந்துபோவதை சர்வர் எழுதி வைக்கும் லாக்கைப் பார்த்தாள். இரண்டு தடவையும் 'பக்கம் இல்லை' என்றுதான் சர்வர் பதில் சொல்லியிருந்தது.

சர்வரை அடியோடு அணைத்தாள். மூலையில் பெட்டியின் இரைச்சல் அடங்கியது. மழை மட்டும் கேட்டது. அதனூடே மரப்படி முனகியது. நின்று, நின்று, மேலே மேலே.

யாரும் ஏறி வரவில்லை.

நனைந்த சட்டையின் வாடை. அதன் மேல் அவன் பூசும் அத்தர்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"சைஃபு?" என்றாள்.

சர்வர் அணைந்திருக்க, போனில் திறந்திருந்த பக்கத்தில் இரண்டாவது வரி வந்தது.

நான் இன்னும் சாப்டல மச்சி.

அஸ்வினி மேசையில் கவிழ்ந்து அழுதாள். பயந்துதான் அழுதாள். பயம் மட்டும் இல்லை.

கீழே சர்தாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சர்வரை ஓடவிட்டாள். அவர் தன் திரையில் தட்டிப் பார்த்தார். பக்கம் இல்லை.

"பூட்ச்சு," என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சினார். "யாரும்மா அத்தர் போட்டது?"



அது நடந்து சில வாரம் ஆகிவிட்டது. இன்று அடையாறில் வேறொரு வாடிக்கையாளர், வேறொரு பெட்டி. பிரித்து வைத்து, ஜாவா சர்வரை ஓடவிட்டதோடு சரி. ஃபோல்டர் காலி. முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு அவன் பெயரைத் தட்டினாள்.

சாப்டியா?

காலையில் கூடையில் நல்ல சங்கரா இருந்தது. அவள் தூக்கி இறக்கிய கையோடு மொத்தமும் விற்றுவிட்டது.

ஒரு வேளை மீன் குழம்புச் சோறு. அது அவள் சைஃபுக்கு இன்னும் பாக்கி.