அனுமதி கேட்கும் பெட்டி

எரிந்துகொண்டிருந்த சுமைப்பறவை ட்ரோன் தகரக் கூரையைப் பிளந்துகொண்டு கிடங்குக்குள் விழுந்தது. அதன் வயிற்றிலிருந்த பள்ளிச் சீருடைகள் பற்றிக்கொண்டன. அணைக்கப் பாய்ந்த குகனின் இரண்டு கைகளிலும் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது. அலறினான். அவன் அக்கா மேகலா குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள்.

திருப்பூர் வானத்தில் இது புதிதல்ல. இணையக் கடையில் விலை வைப்பது, சரக்கு அனுப்புவது, போட்டிக் கடையின் பறவையைச் சுடுவது எல்லாம் இப்போது விற்பறிவு என்னும் செயற்கை நுண்ணறிவின் வேலை. வாடகைக்கு எடுத்தால் அது அதைத் தரும் நிறுவனத்தின் கோபுரத்தில் இருக்கும், பொறுப்பும் கோபுரத்துடையது. உரிமம் வாங்கினால் இரும்புப் பெட்டியாகக் கடைக்கே வந்துவிடும். பொறுப்பு உரிமையாளருடையது என்பதால், ஒவ்வொரு தாக்குதலுக்கும் அவருடைய பெருவிரலைக் கேட்கும்.

மேகலாவிடம் இருந்தது பெட்டி. முன்பு வாடகையில் இருந்தபோது, கோபுரத்துக்காரர்கள் காரணம் சொல்லாமல் அவள் கடையை ஒரே நாளில் மூடிவிட்டார்கள்.

"நம் பறவையைச் சுட்டது எதிர்க்கடை" என்றது பெட்டி. "அவர்கள் கிடங்குக் கூரையைத் தகர்க்கலாம். உள்ளே ஒருவர் இருக்கிறார். அனுமதி?"

"வெரலை வையிக்கா!"

"உள்ள தாரிணி துணி மடிச்சுட்டு இருக்குதுடா."

"அப்ப நாம சாகறதா? பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள சரக்குப் போகலைன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

மேகலா விரலை மடக்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு எதிர்க்கடைச் செல்வநாயகி, தாரிணியின் அம்மா, ஓடி வந்தாள். "ஐயோ, கையெல்லாம் வெந்துபோச்சே! எந்தக் கட்டையில போறவன் இதைப் பண்ணுனான், கண்ணு?"

"உங்க பறவைதானுங்கக்கா!" குகன் பல்லைக் கடித்தான்.

"என்ர பறவையா? எனக்கு அதெல்லாம் தெரியாது சாமி. எல்லாம் கோபுரத்துக்காரங்க பாத்துக்கறாங்க."

அவள் கண்களில் நிஜமாகவே நீர் வழிந்தது. எதுவும் தெரியாமல் அழ முடிகிற அவளைப் பார்த்து மேகலாவுக்குப் பொறாமையாக இருந்தது.

குகனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். பெட்டி விட்டபாடில்லை.

"உள்ளே ஒருவர். அனுமதி?"

சம்மட்டியை எடுத்தாள். குரல் நிற்கும்வரை அடித்தாள். நின்ற பிறகும் அடித்தாள். பிறகு மூச்சு வாங்கியபடியே கைபேசியில் வேறொரு கோபுரத்தில் வாடகைக்குச் சேர்ந்தாள். அது கேட்டது ஒன்றே ஒன்று.

"இனி உங்களிடம் எதுவும் கேட்கமாட்டோம். சம்மதமா?"

பெருவிரலை வைத்தாள்.

மறுநாள் காலை எதிர்க்கிடங்கின் கூரை இடிந்து இறங்கியது. மேகலாதான் முதலில் ஓடினாள். நகம் பெயரப் பெயரக் கற்களை அள்ளி எறிந்தாள். தாரிணியின் கை தெரிந்தது. பிடித்து இழுத்தாள். கை மட்டும் வந்தது.

மார்பில் அடித்துக்கொண்டு அழுத செல்வநாயகியை அவள்தான் அணைத்துப் பிடித்திருந்தாள். கைபேசி அதிர்ந்தது. மீதிச் சீருடைகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டன என்றது கோபுரம். வேறெதுவும் சொல்லவில்லை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்குதாம்மா?" போலீஸ்காரர் கேட்டார்.

மேகலா யோசித்துப் பார்த்தாள்.

"யாருன்னே தெரியலீங்க சார்" என்றாள்.