முன்னால் நடந்தவர்

ஏழு பதினாறு நூற்றுப்பன்னிரண்டு என்ற குரல் எட்டுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஏழு பதினாறு நூற்றுப்பன்னிரண்டு என்றது.

ஜீப்பின் பின்பக்கப் பலகையில், தூங்கிப்போன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த காமாட்சி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். முன்கண்ணாடிக்கு அப்பால் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் பத்தடி தூரம் போய், அதற்குமேல் போக வழியில்லாமல் பனியில் முட்டி நின்றது. அந்த விளிம்பில் அவள் கணவன் பழனிசாமி முதுகில் போர்த்தியிருந்த வெள்ளைத் துண்டு மட்டும் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. தலை தெரியவில்லை. கால் தெரியவில்லை.

பழனிசாமி சேலத்தில் கணக்கு வாத்தியார். பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறவர். நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுக்காமல் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"ஏனுங்க டிரைவர், சொன்னதையே சொல்லிட்டிருக்காருங்களே?"

"சத்தம் வருதுங்களா இல்லீங்களா? அது வந்தாப் போதுமுங்கம்மா," என்றார் லாசர், ஸ்டியரிங்கின் மேல் நெஞ்சு படுகிற அளவுக்குக் குனிந்துகொண்டு. "நானு மூணாப்புல வாய்ப்பாட்டுக்குப் பயந்துதானுங்க பள்ளிக்கொடத்த உட்டு ஓடியாந்தேன். இன்னைக்கு அதைய நம்பித்தான் வண்டி ஓட்டறேன் பாருங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பகோடா பாயிண்ட் போகலாம் என்றது அவள்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வந்த முதல் ஊர் ஏற்காடு. காலையில் பஸ்ஸில் இறங்கியதும் ஏரிக்கரையில் லாசரின் ஜீப்பைப் பேசிக்கொண்டார்கள். படகில் போனார்கள். லேடீஸ் சீட்டில் தூரக்கண்ணாடி வழியாகப் பழனிசாமி நெடுநேரம் சேலத்தைப் பார்த்துவிட்டு, "அதோ நம்ம பள்ளிக்கூடம்" என்று நகர்ந்துகொண்டார். அவள் கண்ணை வைத்தபோது வெறும் வெயில் புகைதான் தெரிந்தது. தெரிகிறது என்று சொல்லிவைத்தாள். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போகும்போதும் குழந்தை அவள் இடுப்பில்தான் இருந்தது. பாப்பாவை அவர் வெளியிடத்தில் தூக்கியதில்லை. ஆசை இல்லாமல் அல்ல, கூச்சம். பேச்சும் அப்படித்தான். ஒரு நாள் முழுக்க அவரோடு இருந்தால் எண்ணி இருபது வார்த்தை தேறும். இந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையைப் பிடித்துப் பேசத் தெரிந்தால் என்ன என்று அவள் நினைக்காத நாள் கிடையாது.

கோயிலிலிருந்து இறங்கும்போதே மணி நாலரை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றார் அவர். எல்லா இடமும் பார்த்தோம், பகோடா பாயிண்டை மட்டும் விடுவானேன் என்றாள் அவள். அவர் ஜீப்பில் ஏறினார்.

பகோடா பாயிண்டில் பாறை விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கீழே பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்தது. பால் பொங்கி வருகிற மாதிரி. சத்தமே இல்லை. முதலில் கீழே இருந்த கிராமம் போனது, பிறகு சரிவின் மரங்கள், பிறகு கம்பி. லாசர் ஓடிவந்து மூவரையும் ஜீப்பில் ஏற்றினார். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திவிட்டார்.

"எறங்கி முன்னால ஒருத்தர் நடக்கோணுமுங்க சார். இந்த மார்கழிப் பனியில இங்க எல்லாரும் அப்படித்தான் வண்டி ஓட்டறது." கழுத்திலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். "இதைய முதுகுல போர்த்திக்கங்க. ரோட்டுக்கு நடுவால போங்க. வாய் ஓயாம எதாச்சும் சத்தம் குடுத்துக்கிட்டே போகோணும். துண்டு மறைஞ்சாலும் சத்தத்த வெச்சுப் புடிச்சுக்குவேன். பாட்டு எதாச்சும் பாடுங்களேன்."

"பாட்டு வராது."

"பின்ன என்னதானுங்க வரும்?"

பழனிசாமி கொஞ்ச நேரம் யோசித்தார். "வாய்ப்பாடு," என்றார். அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் மூவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இரண்டாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்து வகுப்பறைக் குரலில் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஒன்பது முடிந்தது. பன்னிரண்டு முடிந்தது. இஞ்சினின் உறுமல், சில்வர் ஓக் இலைகளிலிருந்து கூரைத் துணியில் சொட்டுகிற நீர், ஈரக் காப்பிச் செடிகளின் வாசனை, அதற்கெல்லாம் முன்னால் அந்தக் குரல். காமாட்சிக்கு ஒரு கட்டத்தில் கண்கூடச் செருகியது. பதினைந்து முடிந்தது. பதினாறு வந்தது.

ஏழு பதினாறு நூற்றுப்பன்னிரண்டு.

ஏழு பதினாறு நூற்றுப்பன்னிரண்டு.

இப்போது நிதானம் இல்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது வந்தது. துண்டும் வேகமாகப் போயிற்று. லாசர் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டியிருந்தது.

"ஏன் ஓடறாரு மனுசன்," என்று முணுமுணுத்தார். பிறகு சத்தமாக, "சார்! மெதுவாப் போங்க சார்!"

குரல் நிற்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. ஏழு பதினாறு. ஏழு பதினாறு. பெருக்கித் தொகை சொல்வதைக்கூட விட்டுவிட்டது.

லாசரின் கழுத்துப் பின்புறம் வியர்த்திருந்ததைக் காமாட்சி பார்த்தாள். அந்தக் குளிரில்.

"ரோடு சரியாத்தானுங்க போகுது?" என்றாள்.

அவர் முன்கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தார். அதற்குள் பின்னால் தட்டும் சத்தம் கேட்டது.

ஜீப்பின் பின்கதவுத் தகரத்தில். இரண்டு தட்டு. பிறகு மூச்சிரைக்கும் குரல்.

"நிறுத்துங்க! என்னை விட்டுட்டு எங்க போறீங்க?"

லாசர் பிரேக்கை மிதித்தார். குழந்தை முன்னால் சரிய, காமாட்சி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்பக்கத் தொங்கு துணியை யாரோ விலக்கினார்கள். மூக்குக் கண்ணாடி. நெற்றித் தழும்பு. பழனிசாமியின் முகம்.

"ஓரமா ஒதுங்கினேன். அதுக்குள்ள வண்டியை எடுத்துட்டீங்க. துண்டு வேற எங்கேயோ விழுந்துடுச்சு. கத்திக்கிட்டே வர்றேன், காதுல விழலையா?"

காமாட்சி அவரைப் பார்த்தாள். மெல்லத் தலையைத் திருப்பி முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

வெளிச்சத்தின் விளிம்பில் வெள்ளைத் துண்டு நின்றுகொண்டிருந்தது.

குரல் நின்றிருந்தது. ஜீப் நின்றதால் அதுவும் நின்றது போல. பிறகு துண்டின் ஒரு ஓரம் அசைந்தது. தோள் திரும்புகிற அசைவு. அது இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

லாசர் விளக்கை அணைத்தார்.

"பாக்காதீங்கம்மா." குரல் அடித்தொண்டையில் வந்தது. "மூஞ்சியப் பாத்துட்டா உடாது. எங்கய்யன் சொல்லியிருக்காரு. விழுந்த துண்ட எடுத்துப் போர்த்திக்கிட்டு நம்மளக் கூட்டிட்டுப் போயிருக்குது, பாருங்க. பள்ளத்துக்குத்தான் கூட்டிட்டுப் போயிருக்கும். சார், ஏறுங்க. சீக்கிரம் ஏறுங்க!"

அவர் ஏறினார். பலகையில் காமாட்சியை ஒட்டி உட்கார்ந்தார். லாசர் முன்விளக்கில்லாமலே பின்னோக்கி எடுத்தார். சக்கரத்தில் கற்கள் அரைபட்டன. முன்னால் இருட்டுக்குள் யாரோ நடந்துவரும் காலடி. பிறகு ஓடிவரும் காலடி.

"பின்னால எஸ்டேட் ரோடு ஒண்ணு பிரியுதுங்க. அதுல பூந்துட்டா சுத்திக்கிட்டு ஏரிக்குப் போயிரலாம். ஆண்டவரே. ஆண்டவரே."

பின்பக்கம் பார்ப்பதற்காக லாசர் டார்ச்சை வெளியே நீட்டினார். அந்த வெளிச்சம் ஒரு விநாடி ஓரத்தில் விழுந்தது. மைல்கல். ஏற்காடு என்ற எழுத்தும் 2 என்ற எண்ணும். அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்த தடுப்புச் சுவர்.

பள்ளம் இல்லை. சரியான ரோடு. இவ்வளவு நேரமும் அந்தத் துண்டு அவர்களைச் சரியான ரோட்டில்தான் கூட்டிப் போயிருக்கிறது.

லாசர் அதைப் பார்க்கவில்லை. வண்டியை ஒடித்துத் திருப்பினார். ஜீப் மண்பாதையில் இறங்கியது. விளக்கைப் போட்டார். மரங்களுக்கு அடியில் பனி கொஞ்சம் மெலிந்திருந்தது. தடம் தெரிந்தது.

"பாப்பாவைக் கொடு," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவள் கொடுத்தாளா, அவர் எடுத்துக்கொண்டாரா, தெரியவில்லை. குழந்தை அவர் மடியில் இருந்தது. தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். பழகின கை.

"பயந்துட்டியா கண்ணு?" என்று காமாட்சியின் கையைப் பிடித்தார். "நான்தான் வந்துட்டேனே. இனிமே எங்கேயும் போகமாட்டேன். உன்கூடவே இருக்கேன். பேசிக்கிட்டே இருக்கலாம்."

ஆறு வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்ட பேச்சு. அந்தக் கை சூடாக இருந்தது. பிடியில் ஈரம் இல்லை.

அவள் தன் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். ஜீப்புக்குள்ளேயே இருந்தவளுக்கு முந்தானை நனைந்திருந்தது. லாசரின் தலைமுடியில் நீர் முத்து முத்தாக நின்றது. அரை மணி நேரம் பனியில் நடந்துவந்தவரின் சட்டையை விரல்நுனியால் தொட்டாள்.

இஸ்திரி போட்ட மடிப்பு.

காய்ந்திருந்தது.

பாப்பா பிறந்த அன்று, ஆஸ்பத்திரி ஆயா உள்ளே வந்து சிரித்தது அப்போது அவள் நினைவுக்கு வந்தது. "உங்கூட்டுக்காரரு வராந்தாவுல நடந்துக்கிட்டே ஒரே கணக்க திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருக்காருங்க கண்ணு. பாவம், நொம்பப் பயந்து கெடக்கறாரு."

பயந்தால் அவர் அப்படித்தான்.

ஒரே இடத்தில் நின்றுவிடுவார். மேலே போகத் தெரியாது.

ஏழு பதினாறு என்று சொன்னபோது அவருக்குப் பக்கத்தில், அந்தப் பனிக்குள், யார் நடந்துகொண்டிருந்தது? சத்தத்தை நிறுத்தினால் டிரைவர் வழி தவறிவிடுவார் என்று, நிறுத்தாமல், திரும்பாமல், கத்தாமல், அந்த மனுஷன் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறார்? ஜீப் நின்றதும் எவ்வளவு ஆறுதலோடு திரும்பியிருப்பார்? திரும்பினார். விளக்கு அணைந்தது.

"காமாட்சி!"

பின்னால். தூரத்தில். மண்பாதையில் செருப்பு அடித்துக்கொண்டு ஓடிவரும் சத்தம்.

"லாசர்! நிறுத்துய்யா! நான்தான்யா!"

"திரும்பாதீங்கம்மா," என்றார் லாசர். "கூப்புடத்தான் கூப்புடும். நம்ம சார் குரல்லயே கூப்புடும்."

யாரோ கல் தடுக்கி விழுந்தார்கள். முழங்கால் மண்ணில் மோதுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. எழுந்தார்கள். மறுபடி ஓடிவந்தார்கள். இப்போது அழுகுரல். எண்ணி இருபது வார்த்தை பேசுகிறவர், மலையே அதிரக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"காமாட்சி! அது நான் இல்ல! பாப்பா! பாப்பாவ அதுகிட்டக் குடுக்காத! பாப்பா!"

மடியில் கிடந்த குழந்தை புரண்டது. அப்பாவின் குரல் கேட்டு இமை அசைந்தது. உதடு பிதுங்கியது.

நிறுத்துங்க. அந்த ஒரு வார்த்தைதான். காமாட்சி வாயைத் திறந்தாள்.

பக்கத்தில் இருந்தவர் குனிந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் குழந்தையின் இரண்டு காதுகளையும் பதமாக மூடினார். அந்தச் சின்னத் தலை முழுவதும் அந்தக் கைகளுக்குள் அடங்கிப்போயிற்று. முகத்தைத் தூக்கிக் காமாட்சியைப் பார்த்தார். சிரித்தார்.

"தூங்கட்டும்," என்றார்.

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அவள் கண் அந்தக் கைகளை விட்டு நகரவில்லை.

பின்னால் கூப்பிட்ட சத்தம் ஒரு வளைவு தள்ளிப் போயிற்று. இன்னொரு வளைவு. மரங்களுக்கு இடையில் ஏரிக்கரை விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. லாசர் சிலுவை போட்டுக்கொண்டு, "பொழச்சோமுங்க" என்றார்.

குழந்தை திரும்பவும் தூங்கிவிட்டது. அந்தக் கைகள் காதை விட்டு விலகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பாசத்தோடு, இறுகின.